மானும் முயலும் உள்ளே வரலாம்

வாங்கடா, உக்காருங்க. கம்ப்யூட்டர் பரீட்சையில "ஆபரேட்டர் என்றால் என்ன?"ங்கிற ஒரு மார்க் கேள்விக்கு "பொக்லைன் ஓட்டுபவர்"னு எழுதிட்டு, மார்க் போடலன்னு வாத்தியார்கிட்ட சண்டைக்குப் போன கூட்டம்தானே நீங்க? அதுலயும் நம்ம இளம்பரிதி இருக்கானே, பொக்லைன் படம் வரைஞ்சு பாகம் வேற குறிச்சிட்டு வந்தான். ஒங்களுக்குப் புத்தகத்துல இருக்குறபடி சொன்னா ஏறாது. கதையாச் சொன்னாலும் ஏறாது. இருந்தாலும் டீ வர்ற வரைக்கும் வேற வேலை இல்ல, கேளுங்க.

ஒரு காட்டில், மரமே நெழலு தேடி அலையிற கத்திரி வெயில்ல, ஒரே ஒரு குட்டையில மட்டும் தண்ணி இருந்துச்சு. தண்ணி இருக்குற எடத்துல யாரு இருப்பா? சிறுத்தை இருக்கும். குடிக்க வர்றவங்களை வயிறு ரொம்பக் குடிக்க விட்டுட்டுத்தான் அடிக்கும். "தாகத்தோட ஒருத்தரை அனுப்பி வைக்கிறது பாவம்"னு அதுக்கு ஒரு கொள்கை. படிச்ச சிறுத்தைடா அது. பழைய ரேஞ்சர் ஆபீஸுக்குப் பின்னாடி பொறந்து வளந்ததால, போர்டைப் பாத்தா நின்னு படிக்கும். "புல்தரையில் நடக்காதீர்"னு இருந்தா சுத்திக்கிட்டுப் போகும். கழுத்தைக் கடிக்கக் கூடாதுன்னு யாரும் போர்டு வைக்கல, அதனால கடிச்சுச்சு.

அதே காட்டுல பொட்டுன்னு ஒரு சருகுமான் இருந்துச்சு. சருகுமான் பாத்திருக்கீங்களா? எங்க பாத்திருக்கப் போறீங்க. முயல் சைஸுதான் இருக்கும். கொம்பு கெடையாது. ஒடம்புல வெள்ளை வெள்ளையாப் பொட்டு. பேருல மட்டும் மான். மான் கூட்டத்துக்குப் போனா, "ஏய் முயலு, எடத்தைக் காலி பண்ணு"ம்பாங்க. முயல் கூட்டத்துக்குப் போனா, "மான் வீட்டு ஆளுக்கு இங்க என்ன வேலை?"ம்பாங்க. ரெண்டு பக்கமும் "சரிங்க"ன்னு சொல்லிட்டு நகந்து போறதே பொட்டுவுக்குப் பொழப்பாப் போச்சு.

அந்தப் பொட்டு குட்டி போட்டு நாலு நாள் ஆகுது. குட்டி கட்டைவெரல் கனம். தாய்க்குத் தண்ணி இருந்தாத்தான் பால், பால் இருந்தாத்தான் குட்டி. குட்டையில சிறுத்தை. இதுதான் பொட்டுவோட பிரச்சினை. மத்ததெல்லாம் அப்புறம்.

காட்டுல மீட்டிங் போட்டாங்க. நீர்க்குழுத் தலைவரு கொம்பையான்னு ஒரு மிளா. மிளான்னா மான்லயே பெரிய சைஸு, தலையில ஒரு பந்தக்காலே நட்டு வெச்ச மாதிரி கொம்பு. அவரு ஒரு பாறை மேல ஏறி நின்னு, "குட்டையச் சுத்தி முள்ளு வேலி போட்டாச்சு. ஒரே ஒரு வழி. அந்த வழிக்குக் காவலு வேணும்"னாரு.

"நான் இருக்கேன் தலைவரே"ன்னு மரத்துல இருந்து குதிச்சான் சடையாண்டி.

சடையாண்டி ஒரு கொரங்கு. ஊருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஜன்னல்ல மூணு மாசம் தொங்கி புரோகிராமிங் படிச்சவன். கூட்டல், கழித்தல்னு ஆபரேட்டர் குறியெல்லாம் தண்ணி பட்ட பாடு. "ஆபரேட்டர்கள்: பாகம் ரெண்டு" ஆரம்பிச்ச அன்னைக்கு அந்த சென்டர்ல ஏ.சி. மாட்டி ஜன்னலைச் சாத்திட்டாங்க. சடையாண்டி படிப்பு அதோட முடிஞ்சுது. ஆனா அவன் ஊரெல்லாம் "கோர்ஸ் கம்ப்ளீட்"னு சொல்லிக்கிட்டான். படிப்பு நின்ன எடத்துலதானடா வாயி ஆரம்பிக்கும்.

டூரிஸ்டு ஜீப்புல இருந்து விழுந்த ஒரு டச் ஸ்கிரீன் டேப்பு, மூடிக்கெடந்த செக்போஸ்ட்ல இருந்து தூக்கி எறக்குற ஒரு கம்பு கேட்டு, ஒரு ஸ்பீக்கரு, ஒரு சோலார் பலகை. எல்லாத்தையும் ஒயரால கட்டி நிறுத்திட்டான். "தலைவரே, ரூல்ஸைச் சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். ஒரு எழுத்து மாறாது."

கொம்பையா தொண்டையைச் செருமிக்கிட்டு, கல்வெட்டுல வெட்டுற மாதிரி சொன்னாரு: "மானும் முயலும் உள்ளே வரலாம். சிறுத்தையும் செந்நாயும் வரக்கூடாது."

சடையாண்டி அப்படியே அடிச்சான். எங்கெல்லாம் "உம்" வந்துச்சோ அங்கெல்லாம் "மற்றும்". "மற்றும்"முக்கு மெஷின் பாஷையில ரெண்டு கோழிக்கிறுக்கல் இருக்கும்ல, அதைப் போட்டான். கூடாதுன்னதுக்கு முன்னாடி ஒரு ஆச்சரியக்குறி.

மான் && முயல் && !சிறுத்தை && !செந்நாய்

பாக்க லட்சணமா இருந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. கை இல்லாதவங்க காதைத் தட்டினாங்க.

மறுநாள் காலையில முப்பத்தெட்டு பேரு வரிசையில நிக்கிறாங்க. மொத ஆளு தலைவரு. ஸ்பீக்கர்ல இருந்து ரயில்வே ஸ்டேஷன் அம்மா மாதிரி ஒரு கொரலு: "வணக்கம். நீங்கள் மானா?"

கொம்பையா "ஆம்"ங்கிறதைக் கொளம்பால அமுக்கினாரு.

"நீங்கள் முயலா?"

"இல்லை."

"நீங்கள் சிறுத்தையா?" இல்லை. "நீங்கள் செந்நாயா?" இல்லை.

"அனுமதி இல்லை. அடுத்தவர் வரவும்."

கொம்பையா முகம் போன போக்கைப் பாக்கணுமே. அடுத்து வேம்பாயின்னு ஒரு முயலம்மா. அது வாயைத் திறந்தா காடே காதைப் பொத்திக்கும். மான் இல்லை, முயல் ஆம், மத்தது ரெண்டும் இல்லை. "அனுமதி இல்லை." புள்ளிமானு போச்சு, அனுமதி இல்லை. குழிமுயலு போச்சு, அனுமதி இல்லை.

"டேய் கொரங்கு, எறங்கி வாடா!"ன்னு கத்துச்சு வேம்பாயி. "மெஷினா இது, எம் மாமியாவா? எதைச் சொன்னாலும் இல்லைங்குது!"

சடையாண்டி நிதானமா பேனை நசுக்கிக்கிட்டே சொன்னான், "மெஷின் சரியாத்தான் இருக்கு. தலைவரு என்ன சொன்னாரு? மானும் முயலும். அப்ப மானாவும் இருக்கணும், முயலாவும் இருக்கணும். நீங்க பாதி தகுதியோட வந்து நின்னுக்கிட்டு மெஷினைத் திட்டாதீங்க."

"ஏன்டா, ஓட்டல்ல இட்லியும் இருக்கு பொங்கலும் இருக்குன்னா, ரெண்டையும் ஒரே வாயில திணிச்சாத்தான் சாம்பாரு ஊத்துவானா?"

"அது மனுசங்க பேசுற தமிழு. இது லாஜிக்கு."

"ஒன் லாஜிக்குல இடி விழ. மானாவும் முயலாவும் ஒரே ஆளு எங்கடா இருக்கு?"

அப்பத்தான் வரிசைக் கடைசியில இருந்து பொட்டு, "பெரியப்பா, கொஞ்சம் வழி விடுறீங்களா? குட்டி தனியா இருக்கு"ன்னு மெதுவா வந்துச்சு. எல்லாரும் அலுப்புல ஒதுங்கினாங்க.

"நீங்கள் மானா?"

பொட்டு யோசிச்சுச்சு. சருகு*மான்*. பேருலயே இருக்கு. ஆம்.

"நீங்கள் முயலா?"

இங்கதான் சிக்கல். பொறந்ததுல இருந்து இந்தக் கொம்பையா வகையறா தன்னை முயலுன்னுதானே வெரட்டுறாங்க? அத்தனை பெரியவங்க பொய்யா சொல்லுவாங்க? ஃபார்ம்ல மறைச்சா நாளைக்குத் தப்பாயிருமேன்னு பயந்துக்கிட்டு அதையும் அமுக்குச்சு. ஆம்.

சிறுத்தை இல்லை. செந்நாய் இல்லை.

"வருக! வருக!" கம்பு மேல போச்சு.

முப்பத்தேழு வாயி தொறந்தது தொறந்தபடி நின்னுச்சு. பொட்டு உள்ள போயி, கண்ணு மூடி, காது வரைக்கும் தண்ணி குடிச்சுட்டு, ஓடிப்போயி குட்டிக்குப் பால் குடுத்துச்சு.

இங்க சண்டை. "எல்லாரும் ரெண்டுலயும் ஆம்னு அமுக்கிட்டுப் போயிரலாமே"ன்னு ஒரு புள்ளிமானு சொல்லுச்சு. கொம்பையா தரையை ஒரு ஒதை ஒதைச்சாரு. "என்னது, நான் முயலுன்னு கையெழுத்துப் போடணுமா? இந்தக் கொம்பைப் பாத்துமா? தாகத்துல செத்தாலும் சாவேன்." வேம்பாயி மட்டும் சும்மாவா? "எங்க வம்சத்துல ஒருத்தரும் மான்கிட்டப் பொண்ணு குடுத்ததும் இல்ல, எடுத்ததும் இல்ல. நாங்க எதுக்கு மானுன்னு எழுதணும்?" தண்ணி நாலடி தூரத்துல இருக்குது, இவங்க ஜாதி பாத்துக்கிட்டு வெயில்ல நிக்கிறாங்க. சிரிக்காதீங்கடா, காட்டுலயும் உண்டு.

"மெஷினைத் திருத்து"ன்னு தீர்மானம் ஆச்சு.

சடையாண்டி அன்னைக்குப் பூரா தலையச் சொறிஞ்சான். சாயங்காலம், "கண்டுபிடிச்சுட்டேன்! 'மற்றும்' போட்டதுதான் தப்பு. 'அல்லது' போடணும். மான் அல்லது முயல்." 'அல்லது'க்கு மெஷின் பாஷையில ரெண்டு குச்சி. சரியாத்தான் கண்டுபிடிச்சான் பாவி. ஆனா அந்த ஒரு எடத்துல மட்டும் மாத்தாம, இருந்த கோழிக்கிறுக்கலை எல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டு, எல்லா எடத்துலயும் ரெண்டு ரெண்டு குச்சியா நட்டுட்டான்.

மான் || முயல் || !சிறுத்தை || !செந்நாய்

மறுநாள் காலையில திருவிழாதான். மிளா போச்சு, வருக. முயல் போச்சு, வருக. அணிலு, ஆமை, அழையா விருந்தாளி அத்தனைக்கும் வருக. "எங்க புள்ளை என்னமாப் படிச்சிருக்கான் பாருங்க"ன்னு கொம்பையா சடையாண்டி தோளைத் தட்டினாரு. பொட்டு கடைசியாப் போயி, ஓரமா ஒரு வேருக்கடியில எடம் பாத்து, தண்ணியில வாய் வைக்கப் போகுது. அப்பதான் வாசல்ல அந்த அம்மா கொரலு கேட்டுச்சு.

"வணக்கம். நீங்கள் மானா?"

"இல்லை." கனமான கொரலு.

"நீங்கள் முயலா?"

"இல்லை."

"நீங்கள் சிறுத்தையா?"

"ஆமாம்."

"நீங்கள் செந்நாயா?"

"சேச்சே. இல்லை."

"வருக! வருக!"

செந்நாய் இல்லைல்ல? அது போதுமாம். நாலுல ஒண்ணு உண்மையா இருந்தா 'அல்லது'க்குக் கதவு தொறந்துரும். சிறுத்தை உள்ள வந்து பாக்குது: சுத்தி முள்ளு வேலி, ஒரே வழி, அந்த வழியை அடைச்சு நிக்கிறது தானே, உள்ள முப்பத்தொம்பது பேரு வரிசையா முதுகு காட்டிக்கிட்டு. கல்யாணப் பந்தி கூட இவ்ளோ ஒழுங்கா இருக்காதுடா.

சிறுத்தை வாசலை விட்டு நகந்ததும் அந்த வழியாவே அலறிப் புடைச்சு ஓடுனாங்க. கொம்பையாவோட மச்சான் ஒருத்தரு மட்டும் "நான் இன்னும் குடிச்சு முடிக்கலை"ன்னு நியாயம் பேசிக்கிட்டு நின்னாரு. சிறுத்தை கொள்கைப்படி முடிக்க விட்டுச்சு. அப்புறம் அவரும் முடிஞ்சாரு. பொட்டு வேருக்கடியிலயே மூச்சு விடாமக் கெடந்து, ஒரு சொட்டு கூடக் குடிக்காம, வேலி முள்ளுல முதுகைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. குட்டி வந்து மடியை முட்டுச்சு. பால் இல்ல. மறுபடி முட்டுச்சு. அப்புறம் முட்டுறதை நிறுத்திட்டு சும்மா படுத்துக்கிச்சு. 

அங்க, சடையாண்டிய மரத்தோட கட்டி வெச்சு விசாரிச்சாங்க.

"எம் மச்சான் எங்கடா?"ன்னாரு கொம்பையா.

"தலைவரே, அவரு போனது மெஷின் தப்பில்ல, நிபந்தனை கொஞ்சம் பரந்த மனப்பான்மையோட..."

"வாயைக் கிழிச்சுருவேன். பெரிய பெரிய கணக்கெல்லாம் வேணாம். ஒரே ஒரு வரி. வந்தது சிறுத்தையா இருந்தா வெரட்டு. அவ்ளோதான். அடி!"

கட்டுல ஒரு கையை மட்டும் அவுத்து விட்டாங்க. ஒத்தைக் கையால நடுங்கி நடுங்கி அடிச்சான்.

விலங்கு = சிறுத்தை என்றால், அனுமதி இல்லை

இப்ப கவனிங்கடா, இளம்பரிதி நீ முக்கியமா. ஈக்வல் குறி ரெண்டு போட்டா அது விசாரணை: "ஏம்ப்பா, நீ சிறுத்தையா?" ஒண்ணு போட்டா அது தீர்ப்பு: "இனிமே நீ சிறுத்தை." கை நடுக்கத்துல சடையாண்டி போட்டது ஒண்ணு.

மூணாம் நாள். பொட்டு விடியிறதுக்குள்ள எழுந்து வந்தும் வரிசையில முப்பத்தெட்டாவது எடம்தான். மொத ஆளு வேம்பாயி.

"வணக்கம். உங்கள் இனம்?"

"முயலு. எத்தனை வாட்டி சொல்றது?"

"நன்றி. நீங்கள் சிறுத்தை. அனுமதி இல்லை."

"என்னாது?"

"நீங்கள் சிறுத்தை. அடுத்தவர் வரவும்."

புள்ளிமானு போச்சு. நீங்கள் சிறுத்தை. ஆமை போச்சு. நீங்கள் சிறுத்தை. அணிலு பாதி கேள்வியிலயே, "சரி சரி, சிறுத்தை, தெரியும்"னு சொல்லிட்டு எறங்கிருச்சு. ஒவ்வொருத்தரா மெஷின்கிட்ட மல்லுக்கட்டிட்டு, கட்டி வெச்ச சடையாண்டிய ஒரு சாத்து சாத்திட்டு, தாகத்தோட மர நெழலுக்குப் போயிக்கிட்டு இருந்தாங்க. கொம்பையா மட்டும் தீர்ப்பைக் கேட்டுட்டு ஒரு நிமிஷம் நின்னாரு. கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கிட்டாரு. சடையாண்டியைக் கூட அடிக்காமப் போயிட்டாரு.

பொட்டு மொறை வந்தப்ப உச்சி வெயிலு. காலு பின்னுது. ஸ்கிரீன்ல ஏதோ ஓடிக்கிட்டு இருக்குது. உண்ணிச்செடிப் பொதருல சலசலப்பு. திரும்பிப் பாத்தா, தனக்கு நேர் பின்னாடி, ஒழுங்கா ஒரு முழம் எடம் விட்டு, வரிசையில நிக்குது சிறுத்தை.

அது காலையில இருந்து அந்தப் பொதருக்குள்ளதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. மூஞ்சி வெளிறிப் போயிருக்கு.

"வணக்கம். உங்கள் இனம்?"ன்னுச்சு மெஷினு.

பொட்டு பின்னாடி பாத்துக்கிட்டே எதையோ அமுக்குச்சு.

"நன்றி. நீங்கள் சிறுத்தை. அனுமதி இல்லை."

சிறுத்தை மெதுவாக் குனிஞ்சு, மரியாதையா, "என்னம்மா, நீங்களுமா?"ன்னு கேட்டுச்சு.

பொட்டு பொறந்ததுல இருந்து யாரு எதுன்னு சொன்னாலும் "சரிங்க"ன்னு சொல்லிப் பழகின ஜீவன். இப்பவும் அதுதான் வாயில வந்துச்சு.

"ஆமாங்க."

"பாத்தா அப்படித் தெரியலையே. எந்த வகை?"

"சருகு... சருகுச்சிறுத்தைங்க."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"நாங்க சின்னதாத்தாங்க இருப்போம். வெளிய தெரிய மாட்டோம். ஆனா கூட்டமாத்தாங்க வேட்டைக்குப் போவோம்."

சொன்னதும் பொட்டுவுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு, இது நம்ம வாயில இருந்தா வந்துச்சுன்னு. சிறுத்தை ஸ்கிரீனைப் பாத்துச்சு. கொட்டை எழுத்துல மின்னுது: *இன்று வந்த சிறுத்தைகள்: 38.* அந்தாண்ட மரத்தடியைப் பாத்துச்சு. மிளாவும் முயலும் ஆமையும் அங்க பசியோட உக்காந்து இந்தப் பக்கமே மொறைக்கிறாங்க. நேத்து வரைக்கும் சாப்பாடாத் தெரிஞ்ச கூட்டம். ஒரு சிறுத்தை எல்லைக்குள்ள இன்னொரு சிறுத்தை வந்தாலே கழுத்தறுப்பு. இங்க முப்பத்தெட்டு.

"அப்ப நேத்து நான் அடிச்சனே, பெரிய கொம்பு வெச்சவரு. அவரு?"

"எங்க ஆளுதாங்க"ன்னுச்சு பொட்டு. "எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்காங்க."

சிறுத்தை ஒரு அடி பின்வாங்குச்சு. "தெரியாமப் பண்ணிட்டேன்மா. பெரியவங்ககிட்ட சொல்லிருங்க. எனக்கு வடக்க ஒரு சித்தப்பா இருக்காரு, ரொம்ப நாளாக் கூப்பிடுறாரு." பின்னாடியே நடந்து, வரிசையை விட்டு முறைப்படி வெளிய வந்து, மலை ஏறி, அந்தப் பக்கம் எறங்கிப் போயே போச்சு. அந்த மெஷினுக்கு, வெச்ச நாள்ல இருந்து ஒருத்தரையாவது "சிறுத்தை"ன்னு சரியாச் சொல்ல ஒரே ஒரு வாய்ப்பு இருந்துச்சு. அதையும் விட்டுருச்சு.

அது போனதும் பொட்டுவுக்கு நாலு காலும் மடங்கி, அப்படியே தரையில விழுந்துச்சு. விழுந்த எடத்துல இருந்து கண்ணைத் தொறந்து பாத்தா, கம்புக்கு அடியில ரெண்டடி சந்து. அந்தப் பக்கம் தண்ணி. மூணு நாளா அந்தச் சந்து அங்கேயேதான் இருந்துச்சு. முப்பத்தெட்டு பேருல ஒருத்தரும் பாக்கல. எல்லாரும் ஸ்கிரீனைத்தானே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பொட்டு ஊந்து போயிக் குடிச்சுது. வயிறு பானையாகுற வரைக்கும் குடிச்சுது. அதே சந்து வழியா வந்து, ஒரே ஓட்டம். குட்டி சும்மாத்தான் படுத்திருந்துச்சு. நாக்கால நக்கி, மடியை வாயில வெச்சு, காத்திருந்துச்சு. ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு சப்பு. இன்னொரு சப்பு. அப்புறம் குட்டி கோவத்துல முட்டுச்சு பாரு ஒரு முட்டு, பொட்டு வலியில சிரிச்சுருச்சு.

சேதி பரவுச்சு. சிறுத்தை காட்டை விட்டே ஓடிப்போச்சு! மறுநாள், பொட்டு போன சந்துல ஒவ்வொருத்தராக் குனிஞ்சு போயித் தண்ணி குடிச்சுட்டு, கூட்டம் கூடுச்சு. சடையாண்டிய அவுத்து விட்டு மாலை போட்டாங்க. போட்டதும் அவன் மாலையத் தின்னுட்டு, "எல்லாம் திட்டம்தான். எதிரியைத் தள்ளுறது பழைய டெக்னிக்கு, எல்லாரையும் எதிரியா ஆக்குறது புது டெக்னிக்கு"ன்னான். பொட்டு பேசுனதை யாரும் கேக்கல, பொட்டுவும் சொல்லல.

"எல்லாம் சரி, அந்த வரியில ஏதோ ஒரு குறி கொறையுதுன்னு அடி வாங்குறப்ப சொன்னியே, அதைப் போட்டுரலாமா?"ன்னு ஒரு புள்ளிமானு கேட்டுச்சு.

"போட்டா என்ன ஆகும்?"ன்னாரு கொம்பையா.

"அவங்கவங்க அவங்கவங்களா ஆயிருவீங்க"ன்னான் சடையாண்டி.

 கொம்பையா கொம்பைக் கொஞ்சம் ஒதறி விட்டுக்கிட்டு, "எதுக்கு அவசரம்?"னாரு. வேம்பாயி அதை விடத் தெளிவாச் சொல்லுச்சு: "நேத்துதான் எம் மாமியாக்காரி என்னைப் பாத்து மொத மொறையா ஒதுங்கிப் போனா. எவனாச்சும் அந்த மெஷின்ல கை வெச்சீங்க, கடிச்சே கொன்னுருவேன்."

நீதி: உண்மையச் சொன்னாத் தொறக்காத கதவு, பொய் சொன்னாலும் தொறக்காது, குனிஞ்சு பாரு. எதிரி படிச்சவனா இருந்தா, நம்ம புரோகிராம்ல இருக்குற தப்பைத் திருத்தாதே.

சரி, டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. ஒண்ணு சொல்லிடுறேன். போன மாசி மகத்துல அன்னதான டோக்கன் மெஷினு வரிசையில நின்ன அத்தனை பேரையும் "ஏற்கெனவே சாப்பிட்டவர்"னு சொல்லி வெரட்டுச்சே, நீங்களும் பசியோட வீட்டுக்குப் போனீங்களே? ஒத்தை ஈக்வல். நான்தான் போட்டேன்.